இத்ரீஸுக்காக முன்னால் வந்தவர்

அன்பு மகன் உஸைருக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அஜ்மானில் நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், லண்டனில் நீயும் ஆமிராவும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். வாய்ஸ் அனுப்பினால் பாதி கேட்டுவிட்டுக் கட்டைவிரலைக் காட்டிவிடுகிறாய், அதனால்தான் காகிதம். குளிர் என்று சாக்குச் சொல்லி வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டிருக்காதே, உம்மா அதற்கே தனியாக அழுகிறாள்.

நம் கடைக்கு மேல்மாடியில் இருந்த எரித்திரியாக்காரர் இத்ரீஸ் போன வெள்ளிக்கிழமை மவுத்தாகிவிட்டார். சின்ன வயதில் உனக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பாரே, அவர்தான். அவர் தம்பி ஹாமிதும் இதே தெருவில்தான் இருக்கிறார், ஆனால் அண்ணன் கடைக்குள் நின்றால் இவர் வெளியே வெயிலில் நிற்பார், உள்ளே வரமாட்டார். எத்தியோப்பியாவிடமிருந்து நாட்டை மீட்கத்தான் இருவரும் துப்பாக்கி எடுத்தார்கள், அண்ணன் ஜப்ஹா என்ற இயக்கத்தில், தம்பி ஷஅபியா என்ற இயக்கத்தில். யார் பெரியவர் என்ற போட்டியில் இரண்டு இயக்கமும் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டு, கடைசியில் ஜப்ஹாக்காரர்களை ஷஅபியாக்காரர்கள் சூடானுக்கே துரத்திவிட்டார்களாம். நாடு கிடைத்தது, பிறகு ஹாமிதும் அங்கே இருக்கமுடியாமல் இங்கே வந்து சேர்ந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் இருவரும் ஒரு ஸலாம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜனாஸா தொழுகைக்கு முன், நம்மூர்ப் பழக்கத்தில், மையித்துக்காகக் கூடியிருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்க வாரிசு யார் என்று நான் கேட்டுவிட்டேன். அவர்களுக்கு அந்த வழக்கம் உண்டா என்று யோசிக்கவில்லை. மகள் ஸ்வீடனிலிருந்து வந்துசேரவில்லை, ஒருவரும் அசையவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஹாமித் முன்னால் வந்தார். என் அண்ணன் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் மாஃப் கரோ பாய் என்று இந்தத் தெருவின் ஹிந்தியில் கேட்டார். மன்னித்தோம் என்று எல்லோரும் சொன்னோம். அதோடு விடாமல், நான் அவருக்குச் செய்ததற்கு இனி யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்றார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை உஸைர்.

ஊரில் ஜமாஅத் இரண்டாகப் பிரிந்ததற்காக நீயும் உன் கூடப்பிறந்த மூத்தவன் சாகிர் காக்காவும் ஏன் பிரிய வேண்டும்? யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அடுத்த வாரம் நெஞ்சைத் திறக்கவேண்டும் என்று டாக்டர் சொல்கிறார், உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே. எனக்கென்று ஒன்று ஆனால் இருவரும் ஓடி வருவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பீர்களே என்பதுதான் என் பயம்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், ஆமிராவுக்கு என் ஸலாம். நேற்று சவூதிக்கு, ஜுபைலுக்குப் போன் செய்து காக்காவிடமும் இதையெல்லாம் சொன்னேன். ஹாமிதின் கதை முழுவதையும் கேட்டான், உன் பேரை எடுத்ததும் வைத்துவிட்டான். நீ சின்னவன், நீயே முதலில் கூப்பிடு வாப்பா.

துஆவுடன்,
உன் வாப்பா செய்கு அலாவுதீன்