வலக்கைக்கு இடக்கை சொன்னது

நாள் 13 / காலை 6:10

என் பன்னிரண்டு நாள் அளவுகளைத் தரைநிலையம் அழித்துவிட்டது. உடற்பயிற்சி எந்திரத்தையும் அங்கிருந்தபடியே பூட்டிவிட்டது. இது அநியாயம். அதனால் இன்று முதல் உணவுப் பொட்டலங்களின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன். காகிதத்தைப் பூமியிலிருந்து அழிக்க முடியாது.

நான் சவரிமுத்து. வயது அறுபத்து மூன்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்தவன். இப்போது நிலவின் தென்துருவத்தில் தண்ணீர் எடுக்கும் நிலையத்தில் தனி ஆள். பம்பு மூன்றும் ஓடுகின்றன. காற்றழுத்தம் சரி. பன்னிரண்டு நாளுக்கு முன், கலங்கள் வந்து பொருந்தும் இணைப்புக் கதவின் மோட்டார் வெடித்துக் கருகியது. அதில் என் வலது முன்கை முறிந்தது. கையில் கட்டுப் போட்டிருக்கிறேன்.

நாள் 13 / மாலை 5:40

அழித்தது இதுதான். பன்னிரண்டு நாளும் இடக்கையால் மட்டும் பளு தூக்கினேன். கட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் வலக்கை விரல்களின் பிடியை அளந்தேன். உழைக்காத கை. ஆறு கிலோ ஒன்பதானது.

பளுவுக்கு முதலில் பழகுவது தசை அல்ல, மூளை. எத்தனை தசை இழைகளை ஒரே நேரத்தில் இழுக்கச் சொல்வது என்று கற்கிறது. ஒரு கைக்காகக் கற்றதில் கொஞ்சம் மறுகைக்கும் போகிறது. இதை நானே புத்தகம் வாங்கிப் படித்தேன். பட்டம் இல்லை.

தரைநிலைய மருத்துவர் ஜெபக்கனி பேசினார்: “அண்ணாச்சி, முறிஞ்ச கையோட பளு தூக்குனா யாரு பதில் சொல்லுவா? மின் உறையைக் கையில மாட்டிக்கிட்டுச் சும்மா இருங்க. தசைய அது கரண்டு குடுத்துப் பாத்துக்கிடும்.”

நான்: “மூளைய யாரு பாத்துக்கிடுவா, டாக்டரம்மா?”

“அத நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க கிரேனப் பாருங்க.”

அவர் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

நாள் 14 / காலை 6:00

பேச்சை முறித்துவிட்டேன். பம்பு அளவுகள் தானாகப் போகும், என் குரல் போகாது. அவர்கள் அனுப்புவதையும் கேட்க மாட்டேன். என் அண்ணன் அந்தோணியோடு ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் பதினோரு வருடம் பேசாமல் இருந்தவன் நான். இவர்கள் எம்மாத்திரம்.

நாள் 29 / காலை 7:15

எந்திரம் பூட்டியிருக்கிறது. தண்ணீர்ப் பீப்பாய் பூட்டியில்லை. அறுபது லிட்டர் இங்கே பத்து கிலோதான் கனக்கும். மூன்றைச் சேர்த்துக் கட்டினேன். இடக்கையால் ஐந்தைந்தாக ஆறு தடவை. ஒவ்வொரு தூக்கிலும் வலக்கையும் தூக்குவதாக மனத்தில் நினைத்தேன்.

செய்தி விளக்கு எரிகிறது. மேலே துணியைப் போட்டேன்.

நாள் 46 / காலை 9:20

கையிலிருந்த கட்டை வெட்டி எடுத்தேன். எலும்பு ஒட்டியிருக்கிறது. இரண்டு முன்கைகளும் ஒரே சுற்றளவு. மின் உறையின் வேலை. பிடியை அளந்தேன். இடம் நாற்பத்தொன்று. வலம் பதினேழு.

தசை இருக்கிறது, ஆணை போகவில்லை. எலும்பு ஒட்டினாலும் மூளை அதை நம்பவில்லை. பாரம் வந்தால் பிரேக் போடுகிறது. பீப்பாய் தூக்காதிருந்தால் இந்தப் பதினேழும் இருந்திருக்காது.

நாள் 47 / பகல் 1:05

இடறியதில் விளக்கின் மேலிருந்த துணி விழுந்தது. செய்திகளைக் கேட்டேன். கடைசியாக வந்தது:

“அண்ணாச்சி, உறை காட்டுன அளவுல ரெண்டு கையும் ஒண்ணுபோல இருக்கு. கதவுச் சக்கரத்தக் கையால திருப்பிருவீங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன். மூணு பேரு கெளம்பியாச்சு. மறுப்பு உண்டான்னு எட்டு நாளாக் கேட்டேன். நீங்க வாயத் தொறக்கல.”

அந்தக் கலம் திரும்பிப் போக எரிபொருள் கிடையாது. சக்கரத்துக்கு ஒவ்வொரு கைக்கும் முப்பது கிலோ வேண்டும்.

முதல் பிழை அவர்களுடையது. இரண்டாவது என்னுடையது. எழுதிவிட்டேன்.

முப்பத்து மூன்று நாளுக்குப் பிறகு பேசினேன். “கை ஆகாது. பதினேழுதான் இருக்கு.”

பிறகு ஜெபக்கனி: “பூட்டை எடுத்துட்டேன் அண்ணாச்சி. தூக்குங்க.”

கலம் வர நான்கு நாள் இருக்கிறது.

நாள் 51 / காலை 11:30

வலம் இருபத்திரண்டு. நான்கு நாளில் தசை வளராது. பிரேக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. போதாது.

கலம் வந்து கதவில் பொருந்திவிட்டது. மோட்டார் வெடித்ததிலிருந்து கதவுக்கு இந்தப் பக்க அறையில் மட்டும் காற்று மெலிவு. முகமூடியும் ஒரு காற்றுப் புட்டியும் கொண்டுவந்தேன். கலத்தலைவி பிலோமினா கேட்டார்: “எங்களுக்கு ஒரு மணி நேரக் காத்துதான் இருக்கு. திருப்புதீங்களா அண்ணாச்சி?”

துறைமுகத்தில் சக்கரம் இறுகினால் அதைப் பிடித்துத் தொங்குவோம். பழக்கத்தில் தொங்கினேன். இங்கே என் எடை பதினொரு கிலோ. சக்கரம் அசையவில்லை.

வலக்கையைச் சக்கரத்தின் கைப்பிடியோடு கயிற்றால் கட்டிவிட்டேன்.

நாள் 51 / பகல் 12:02

நான்கு சுற்று. பூட்டு விட மொத்தம் பதின்மூன்று வேண்டும்.

நாள் 51 / பகல் 12:16

ஒன்பது. எலும்பு மறுபடி போயிற்று. சத்தம் கேட்டது. ஆனாலும் கை விடவில்லை. இடக்கை கற்றுக்கொடுத்தபடி இழுக்கிறது. புட்டியின் முள் சிவப்பில். வேறு புட்டி எடுத்துவர இருபது நிமிடம். அவர்களிடம் இருப்பது பதினான்கு. போகவில்லை.

நாள் 51 / பகல் 12:2

எழுத்து கோணுகிறது. செய்ய வேண்டியவை.

ஜெபக்கனி: அழித்த பன்னிரண்டு நாளையும் இந்தப் பொட்டலங்களோடு சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும்.

தரைநிலையத் தலைவர்: ஒரு கை முறிந்தவனின் எந்திரத்தை இனிப் பூட்டக் கூடாது. கையின் சுற்றளவைப் பார்த்துக் கலம் அனுப்பக் கூடாது. ஆளைக் கேட்க வேண்டும்.

எனக்குப் பின் இங்கே வருபவர்: கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கோபம் இருந்தாலும்.

அந்தோணி அண்ணன்: அவன்தான் முதலில் பேச வேண்டும். பேசினால் பதில் சொல்வேன்.

பிலோமினா (வாயாலும் சொல்லிவிட்டேன்): பதின்மூன்றில் பூட்டு விடும். பிறகு வெளியிலிருந்து தள்ள வேண்டும். என் கை கைப்பிடியில் கட்டியிருக்கும். நான் சத்தம் கொடுக்காவிட்டாலும் நிற்காமல் தள்ள வேண்டும்.

பன்னிரண்டு முடிந்தது. மீதி ஒன்று என்னுடையது. தள்ளுவது நீங்க