சுகமாகாத கைக்கு ஒரு செந்துளுவன் குலை

ஆரியங்கோடு
ஞாயிறு, மத்தியானச் சோறு கழிஞ்சு

மகன் வினீத்துக்கு அப்பா எழுதுகது. நான் யாருகிட்டயும் பிச்சைக்குப் போவலை மக்களே, அதை முதல்ல எழுதிப்போட்டுப் பிறகு உனக்க சுகம் விசாரிக்கேன். அன்னைக்கு போன்ல நீ என்ன சொன்னே? மகன் மஸ்கட்டுல சம்பாதிக்கும்போ அப்பன் சர்க்காருக்க முன்னால கை நீட்டுகது குறைச்சலாக்கும்ணு சொன்னே. எலே, அந்தக் கை நீளாதுண்ணுதானே கேசே. நீண்டா நான் எதுக்கு ஆபீசுக்கு நடக்கேன், சாரத்துல கேறி நிக்கமாட்டேனா? இதை அப்பவே சொல்லியிருப்பேன், நீ டப்புண்ணு கட் பண்ணிப்போட்டே. அதனாலதான் கடிதம். கடிதத்துல நீ இடையில கேறிப் பேச முடியாது, கட் பண்ணவும் முடியாது, வாயைப் பொத்திக்கிட்டு கடைசிவரை வாசிக்கணும். சொல்லுகது நான், எழுதுகது உனக்க அம்மை. எனக்க வலது கையில இப்போ பேனாவும் நிக்காது, சாந்துக் கரண்டியும் நிக்காது. சரி, இனி முறைப்படி சொல்லுகேன். இங்க நானும் அம்மையும் கர்த்தருக்க கிருபையால சுகம். நீயும் அங்க சுகமா இருக்கேண்ணு நம்புகோம், இல்லைண்ணா சீக்கிரம் சுகமாயிக்கோ, அம்மைக்குக் கவலைப்பட வேற ஆளு நான் இருக்கேன்.

பாலராமபுரத்துல அந்த மாடி வீட்டுச் சாரத்துல இருந்து விழுந்தேனே, அதுல ஒடிஞ்ச தோளெலும்பு சேர்ந்துது, கை சேரலை. நெஞ்சுவரை எழும்பும், அதுக்கு மேல அது எனக்க சொல்லைக் கேக்காது, உன்னைப்போல. இனிக் கல்லுக்கும் சிமெண்டுக்கும் நான் ஆகமாட்டேன், அது எனக்குத் தெரியும். முதியோர் பென்ஷன் கேட்டா அறுபது திகையலையாம். வேலைக்குப் போனா கை போதாது, பென்ஷனுக்குப் போனா வயசு போதாது. ஊரு முழுக்க என்னைக் கெழவாண்ணு விளிக்கும்போ சர்க்கார் மட்டும் என்னை வாலிபனா வச்சிருக்கு, அந்த சந்தோஷத்துல நாலு நாள் மீசைக்கு மை போட்டேன். பிறகு சங்கத்துல உள்ளவங்க சொன்னாங்க, கட்டடத் தொழிலாளி சேமநிதியில வேலை செய்ய முடியாமப் போனவனுக்குண்ணு தனியா ஒரு பென்ஷன் உண்டு, நீங்க முடங்காம பணம் அடைச்ச ஆளுதானேண்ணு. அடைச்சேன் மக்களே. மழை பெய்து வேலையில்லாத மாசமும் அம்மை அரிசிப்பானைக்குள்ள கைவிட்டு எடுத்துத் தருவா, நான் கொண்டு போய் அடைப்பேன். நான் கல்லு வச்ச சுவரு அது. இப்போ நிக்க முடியலைண்ணு அதுல கொஞ்சம் சாயுகேன். இதுல யாருக்குக் குறைச்சல்?

டாக்டர்மாரு நாலு பேரு இருந்து கையைப் பார்த்து எழுதியாச்சு. பிறகு ஆபீசுல இருந்து வீட்டுக்கு ஒரு ஆளு வந்து விசாரிச்சு எழுதணும். வந்தது யாரு தெரியுமா, நம்ம சர்ச்சுக்கு எதிர்ல குடியிருக்க மோகனன். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம், அறிஞ்ச ஆளாச்சே. அவருக்கு மோரு கொடுத்தேன். குடிச்சு முடிச்சு டம்ளரை வச்சுப்போட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. கொத்தனாரே, உங்க கை சுகமாச்சேண்ணாரு. எந்தக் கைண்ணு கேட்டேன். வலது கைதான், அறுப்பின் பண்டிகைக்கு மைக்கில கேட்டேனேண்ணாரு.

அப்போதான் எனக்கு, பண்டிகை அன்னைக்கு உனக்க அம்மைக்க முகம் இருந்த இருப்பு ஓர்மை வந்துது. நம்ம சபையில பண்டிகைக்கு அவனவன் விளைஞ்சதைக் கொண்டு வைப்பான், யாரு எதுக்காக ஸ்தோத்திரம் சொல்லுகாண்ணு செக்ரட்டரி எலியா மைக்கில வாசிப்பான், பிறகு லேலம் விளிச்சு கூடுதல் விலை கேக்கவனுக்குக் குடுப்பான், இதெல்லாம் ஒக்க உனக்குத் தெரியும். தெரியாதது இதாக்கும். அம்மை நம்ம வீட்டுக்குப் பின்னால நின்ன செந்துளுவன் வாழைக்குலையை வெட்டிக் கொண்டு வச்சு, கொத்தனார் சுந்தரதாசுக்க வலது கை பூரண சுகமானதுக்காகண்ணு எழுதிக் குடுத்திருக்கா. சுகமாகலையேடிண்ணு கேட்டா, முன்னாலயே நன்றி சொல்லி வச்சா கர்த்தர் நடத்தித் தருவாருண்ணு சொல்லுகா. கடைக்காரனுக்கு அட்வான்ஸ் குடுக்கது மாதிரி. அன்னைக்கு நான் பந்தல்ல சாம்பார் வாளிக்குப் பக்கத்துல இருந்ததினால மைக்கில என்ன வாசிச்சாண்ணு கேக்கலை. கோளாம்பி ஸ்பீக்கர்ல ஊரு முழுக்கக் கேட்டுது, கைக்கு உடையவன் மட்டும் கேக்கலை. இந்த வரியை எழுதமாட்டேண்ணு அம்மை பேனாவை மூடினா. எழுதாட்டா எலியாகிட்ட சொல்லி மைக்கில வாசிக்கச் சொல்லுவேன்ணேன், எழுதிப்போட்டா.

அதோட தீர்ந்துதா? மோகனன் சொல்லுகாரு, கொத்தனாரே, அந்தக் குலை நானல்லே லேலத்தில் பிடிச்சது, பழம் நல்ல மதுரமாக்கும், பிள்ளைகள் ஒக்க தின்னுது, கை சுகமானதுக்கு வச்ச பழத்தைத் தின்னுப்போட்டு கை சுகமாகலைண்ணு நான் எப்படி எழுதுகதுண்ணு.  நான் என்ன, பழத்தொலியை எல்லாம் திருப்பித் தாரும்ணு கேக்கவா?

சரி, கையைத் தூக்கிக் காட்டுங்கண்ணு சொன்னாரு. அம்மை அடுக்களை வாசல்ல நிக்கா. கண்ணை மூடிப்போட்டா, உதடு அசையுது. அவ என்ன கேக்காண்ணு எனக்குத் தெரியும், இப்பவே கை எழும்பணும்ணு கேக்கா. நானும் கண்ணை மூடினேன். ஆண்டவரே, எழுப்ப நினைச்சா எழுப்பும், ஆனா இந்த மனுஷன் கேட்டைத் தாண்டிப் போன பிறகு எழுப்பும்ணு கேட்டேன். ஒரே வீட்டுல இருந்து எதிரும் புதிருமா ரெண்டு ஜெபம் போனா மேல உள்ளவரு என்ன செய்வாரு, பாவம். கை நெஞ்சுவரை வந்துது, நின்னுது. நான் பல்லைக் கடிச்சுத் தள்ளிப் பார்த்தேன் மக்களே, நடிக்கலை, வேர்த்து ஊத்திப்போச்சு. மோகனன் எழும்பி வந்து கையைப் பைய தாழ்த்தி வச்சுப்போட்டு, போதும் கொத்தனாரே, நான் பார்த்தாச்சுண்ணாரு. ஆனா ஊரு முழுக்க சுகமாச்சுண்ணு கேட்டிருக்கு, நான் மாத்தி எழுதினா நாளைக்கு எவனாவது எனக்க பேருல மேலதிகாரிக்குப் பராதி குடுப்பான், ஊரு கேட்ட அதே மைக்கில ஊரு மாத்திக் கேக்கட்டும், பிறகு நான் எழுதுகேன்ணு சொல்லிப்போட்டுப் போனாரு.

எலியாகிட்ட போனேன். அது சின்ன விஷயம் அண்ணே, வாற ஞாயிறு ஒரு திருத்தம் வாசிச்சுப்போடலாம், சுகம் ரத்தாச்சுண்ணு, அப்படீண்ணான். கமிட்டிக் கூட்டம் ரத்தாகது மாதிரி. அம்மை சீறிப்போட்டா. கர்த்தருக்குச் சொன்னதுக்குத் திருத்தமா, நான் பொய்யா சொன்னேன், முன்கூட்டித்தானே சொன்னேண்ணு கேட்டா. போதகர்கிட்ட போனோம். அவரு பொறுமையாக் கேட்டாரு. புஷ்பபாய் அம்மா சொன்னதும் தெற்றில்லை, மோகனன் சொல்லுகதும் தப்பில்லைண்ணு சொன்னாரு, பிறகு ஒரு சொம்பு வெள்ளம் முழுசும் குடிச்சாரு.  அந்த வாரம் முழுக்க வீட்டுல மீன்கறிக்கு உப்பு இல்லை. நான் கேக்கவும் இல்லை, எனக்க உயிரு எனக்கு வேணும். பெலக்கச் சிரிச்சுக்கிட்டுத்தான் திரிஞ்சேன், ஆனா பென்ஷன் போச்சுண்ணுதான் உள்ளுக்குள்ள நினைச்சேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மை கூட்டுக்குள்ள கைவிட்டு அந்தக் கறுத்த கோழியைப் பிடிச்சா. முட்டையிடுக கோழியாச்சேடிண்ணேன். எனக்குத் தெரியும்ணா. மறுநாள் ஆராதனை கழிஞ்சு எலியா மைக்கைத் தட்டி வாசிச்சான். வலது கை எழும்பாத இந்த நாட்களிலும் எங்களைப் பட்டினி போடாமல் நடத்தி வருவதற்காக, கொத்தனார் சுந்தரதாசும் புஷ்பபாயும் ஸ்தோத்திர காணிக்கை, கோழி ஒன்று. இந்தத் தடவை நான் சாம்பார் பக்கம் போவலை, முன்பெஞ்சில இருந்து கேட்டேன்.  எலியா முடிச்சதும் முதல்ல ஆமென் சொன்னது கோழியாக்கும் மக்களே. முதல்ல சொன்னதை அவ திரும்ப எடுக்கவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. நான் ஆயுசு முழுக்க கோணச் சுவரு நேராக்குகவன், இப்படி ஒரு வேலை எனக்கு வராது. இதை எழுதும்போ இவளுக்கு சிரிப்பு வருது, அடக்குகா.

லேலத்துல கோழியைப் பிடிச்சது யாருண்ணு நினைக்கே? மோகனனேதான். சர்ச் கேட்டுக்கு வெளிய நின்னு விளிச்சு விளிச்சு விலையை மேல கேத்தினாரு. கோழியைக் கக்கத்துல வச்சுக்கிட்டு என்கிட்ட வந்து, கொத்தனாரே, இனி எழுதலாம்ணாரு. எழுதியும் போட்டாரு. வாற மாசக் கூட்டத்துல பாசாகும்ணு ஆபீசுல சொல்லியிருக்கு. நம்ம வாழைக்குலையும் கோழியும் அந்த வீட்டுக்குப் போயாச்சு, இனி நானும் அம்மையும்தான் பாக்கி.

இதை எல்லாம் எதுக்கு இவ்வளவு விஸ்தாரமாச் சொல்லுகேண்ணா, நீ போன்ல சொன்னியே, நான் அனுப்புகது போதாதாண்ணு. போதும் மக்களே, மிச்சமும் வருது. லீவுக்கு வந்த உனக்க கூட்டாளி அகிலேஷ் இங்க சோறு தின்னும்போ வாய் தவறிச் சொல்லிப்போட்டான். மத்தவங்க வெயிலுக்கு ஒதுங்கி நிக்கும்போ நீ ஓவர்டைம்ணு சொல்லி ஏசி பெட்டி மாட்ட ஏணியில நிக்கியாமே. ராத்திரியும் வேற ஒரு பணி பிடிச்சிருக்கியாமே. அவனை ஏசாதே, நான் மீன் தலையை வச்சு ஏமாத்திக் கேட்டேன். எலே, நான் விழுந்ததும் ஓவர்டைமுலதான். ஒரு வீட்டுக்கு ஒரு கை போனது போதும். எனக்க பென்ஷன் எனக்கு சோத்துக்கு இல்லை, நீ அந்த ஏணியில இருந்து இறங்குகதுக்காக்கும். அதுக்குத்தான் நான் அந்த ஆபீசுப் படி ஒக்க கேறினேன். உனக்குக் குறைச்சல்ணு தோணினா கூட்டுக்காரங்ககிட்ட எனக்க அப்பன் சர்க்கார் சம்பளக்காரன்ணு சொல்லு, பொய்யில்லை. வெள்ளம் நிறையக் குடி. தலையில எண்ணெய் வை, போட்டோவுல உனக்க தலை உரிச்ச தேங்கா மாதிரி இருக்கு. அகிலேஷ் கையில மரச்சீனிக் கிழங்கு சிப்சும் நார்த்தங்கா ஊறுகாயும் தந்து விடுகோம், ஊறுகாயை ஒளிச்சு வை.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு, அதை உன்கிட்ட கேக்கேன், நீ படிச்சவன். பென்ஷன் ஆர்டர் வந்த மறுநாள் அம்மைக்க அட்வான்ஸ் பலிச்சு கை நேரா மேல எழும்பிப்போட்டுதுண்ணு வை. அப்போ பணத்தைத் திருப்பி அடைக்கது நானா, கர்த்தரா? சர்க்கார் நோட்டீஸ் அனுப்பினா எந்த விலாசத்துக்கு அனுப்பும்? எலியா மைக்கில வாசிச்சு

இது எனக்க இடது கை. கோணலா இருக்கும். கர்த்தரை வச்சு விளையாடுகியாண்ணு பேனாவை எறிஞ்சுப்போட்டு அம்மை அடுக்களைக்குப் போயிட்டா. போவட்டும். அவ இருந்தா இதை எழுத முடியாது.

கை எழும்பாது மக்களே. டாக்டர் என்னைத் தனியா விளிச்சுச் சொல்லிப்போட்டாரு. அம்மைகிட்ட நான் சொல்லலை. தினமும் காலையில எண்ணெய் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே ஜெபிக்கா. எனக்கு அது வேணும். நீயும் சொல்லாதே.

ஏணியை விடு. கிறிஸ்மசுக்கு வா. வந்தா அம்மை கேப்பா, அப்பாக்க கை முன்னையவிட கொஞ்சம் கூடுதல் எழும்புதா பாருண்ணு. எழும்புதுண்ணு சொல்லு.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். ஊறுகாய் பத்திரம்.

அப்பா
சுந்தரதாஸ்