காஜா வைத்த பாய்

சிதம்பரம்
4.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் கடைக்கு வந்த ஆளிடம் பேசுவதுபோல் பேசுகிறேன், உன்னைப் பேசவே விடுவதில்லை என்று குறைப்பட்டாய். அதனால் எழுதுகிறேன்.

மாமாவின் பொம்மைப் பாய்க்கப்பல் தயார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் குளத்தில் விடுவதற்கென்றே செய்த சாமான். அடியில் இருந்த வெடிப்பை அடைத்துவிட்டேன். பழைய வார்னிஷைச் சுரண்டவில்லை. சுரண்டினால் என்னைப்போல் பழம்பொருள் சேகரிக்கிறவன் எவனும் மதிக்க மாட்டான். பாய்தான் கண்ணை உறுத்தியது. யாரோ சட்டைத்துணியை வெட்டித் தைத்து, பொத்தான் காஜாவில் கயிறு கோர்த்துப் பாய்மரத்தில் கட்டியிருந்தார்கள். சிரிப்பு வந்தது. என்னிடமிருக்கும் கப்பல் ஒன்றிலிருந்து அந்தக் காலத்து அசல் பாயையே கழற்றி இதற்குப் போட்டுவிட்டேன். வேறு யாருக்கும் இதைச் செய்ய மாட்டேன். கடிதத்தோடு படம் வைத்திருக்கிறேன், பார்.

உன் தம்பி,
கொளஞ்சியப்பன்

கடலூர் முதுநகர்
9.8.2024

அன்புத் தம்பிக்கு,

படம் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. கால்வலி பரவாயில்லை.

யாரோ இல்லை, உன் மாமாதான் தைத்தார். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போன நீலக்கோடு சட்டை. வீட்டுக்கு வந்து படுத்தபடியே தைத்தார். “நம்மால நவுர முடியல, சட்டையாச்சும் தண்ணியில போவட்டும் மலரு” என்றார். கருமாதியன்று அவர் துணியெல்லாம் கொடுத்துவிட்டோம். இது மட்டும் கப்பலில் பாயாக நின்றதால் யார் கண்ணிலும் படாமல் தப்பியது.

அடியை மட்டும் பார் என்றுதானே கொடுத்தேன், தம்பி. அந்தத் துணியைப் பத்திரமாக அனுப்பு.

அக்கா,
மலர்க்கொடி

சிதம்பரம்
13.8.2024

அக்கா,

மறைக்க மனசு வரவில்லை. அதைத் துடைக்கிற துணிகளோடு போட்டிருந்தேன். உன் கடிதம் வந்ததும் பட்டறை முழுக்கக் கொட்டித் தேடினேன். கிடைத்தது. ஆனால் வார்னிஷ் ஏறி அப்பளமாய் விறைத்துவிட்டது. காஜா இருக்கும் ஓரம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. அலசினால் அதுவும் கெட்டுவிடும் என்று பயந்து அப்படியே கூரியரில் அனுப்புகிறேன்.

எது அசல், எது மாற்று என்று தொட்டதும் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். நான் போட்ட பாயை இறக்கிவிட்டேன். கப்பல் மொட்டை மரத்தோடு நிற்கிறது. அந்தப் பக்கம் திரும்பாமல்தான் கல்லாவில் உட்காருகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். நாலு வார்த்தை திட்டியாவது எழுது, அக்கா.

கொளஞ்சி

கடலூர் முதுநகர்
21.8.2024

கொளஞ்சியப்பனுக்கு,

துணி வந்தது. முகர்ந்து பார்த்தேன். உன் கடை வாசனைதான் அடித்தது.

கப்பல் உன்னிடமே இருக்கட்டும். அந்த அசல் பாயையே ஏற்றிவிடு. சேகரிக்கிற உங்கள் ஆட்களுக்கு அதுதானே சரி. எனக்குக் கப்பல் எப்போதும் பெரிதில்லை.

காஜா ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். மீதித் துணியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். துடைக்க ஆகும்.

மலர்க்கொடி