முதல் சொல்லை விழுங்கும் பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் நடுவில் அறுந்தது.

விளக்கேற்றிவிட்டு, கூடத்துக் கம்ப்யூட்டரில் அவர் பாடிய துதிப் பாட்டுகளைப் போட்டேன். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் மகன் வந்து அவரை உட்கார வைத்துப் பதிவு செய்தது. அவர் குரல் என்று இனி இருப்பது இவ்வளவுதான். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதுகிறார், அதுவும் தவிர்க்க முடியாவிட்டால்.

கல்யாணமான நாள் முதல் ஒவ்வொரு பாட்டையும் அவர் எடுத்துக் கொடுப்பார், நான் சேர்ந்துகொள்வேன். இப்போது சாமி அறைப் பக்கம் வருவதே இல்லை. தன் குரலைக் கேட்டாலாவது எழுந்து வருவாரோ என்று ஒரு ஆசை. மகனும் ஒரு கறுப்புப் பெட்டி வாங்கி அனுப்பினான். டேக் என்கிறான். கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடப்பதை ஒலியாக்கி ஸ்பீக்கருக்குத் தருமாம். உண்மைதான், பக்கத்தில் நின்று பாடுவது போல இருக்கிறது. ஆனால் பாடிக்கொண்டே இருக்கும்போது டக்கென்று நின்று, மறுபடி வருகிறது. யாரோ வாயைப் பொத்திப் பொத்தி எடுக்கிற மாதிரி.

மார்ச் 4, புதன்

புது கேபிள் வாங்கினேன். கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? பூஜைச் செலவா, வீட்டுச் செலவா? பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, மருந்து என்று எழுதினேன்.

பலன் இல்லை.

மார்ச் 7, சனி

மகன் போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தேன். நடுவில் இருந்த, பல கேபிள்களைச் சேர்த்துச் சொருகும் பிரிப்பானைக் கழற்றி, கேபிளை நேராகக் கம்ப்யூட்டரின் முதுகில் சொருகினேன். பிறகு பஃபர் என்று ஒன்றைக் கூட்டச் சொன்னான். பாட்டை முன்கூட்டியே கொஞ்சம் அள்ளி வைத்துக்கொள்ளும் இடமாம். எனக்குப் புரிந்த வகையில், சமையலறையில் அரிசி டப்பா. டப்பா சிறிதாக இருந்தால் நடுச் சமையலில் காலியாகிவிடும்.

நடுவில் அறுவது நின்றது. கும்பிட்டுவிட்டு முதலிலிருந்து கேட்டேன். அப்போதுதான் கவனித்தேன்: ஒவ்வொரு பாட்டிலும் முதல் சொல் இல்லை. இத்தனை நாள் மற்ற அறுப்புகளோடு சேர்ந்து இதுவும் ஒளிந்திருக்கிறது. அவர் எடுத்துக் கொடுக்கும் சொல் எதுவோ, சரியாக அதையே விழுங்குகிறது.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் சிலேட்டை நீட்டினார். “எனக்கு மட்டும் இல்ல, உன் பெட்டிக்கும் தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிலேட்டைத் துடைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 11, புதன்

கடவுளே, இந்தக் கம்பிக்குள் இறங்கிப் பார்க்க உனக்குமா தெரியாது?

மார்ச் 12, வியாழன்

ஆஸ்பத்திரி. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, கழுத்தில் வைத்துப் பேசும் கருவியைக் காட்டினார். பழகினால் ஃபோனில்கூடப் பேசலாமாம். இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து, “அவருக்கா தோணணும்மா”ன்னாங்க. தோணலையே! என்ன பண்ணச் சொல்றாங்க என்னை? இந்த மனுஷன் உள்ளுக்குள்ள கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கார். நான் வெளிய நின்னு எத்தனை நாள் தட்டறது?

மார்ச் 16, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

மின்சாரம் மிச்சமாகட்டும் என்று கம்ப்யூட்டரில் நானே வைத்திருந்த சிக்கன அமைப்பை முதலில் எடுத்துப் பார்த்தேன். மாற்றமில்லை. பிறகு பேசாமல் பெட்டியின் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் பெட்டியின் சின்ன விளக்கு மங்குகிறது. பாட்டு வந்ததும் பிரகாசமாகிறது. சத்தம் துளியும் இல்லையென்றால், எல்லாம் முடிந்தது என்று அது தூங்கிவிடுகிறது. விழிப்பதற்குள் முதல் சொல் போய்விடுகிறது.

மற்றவர்கள் பாடிய பாட்டுகளில் ஏன் இப்படி ஆவதில்லை? மகனைக் கேட்டேன்.

“பாட்டுக்குப் பாட்டு நடுவுல அப்பா மூச்சு வாங்குறது ரொம்பக் கேட்டுச்சும்மா. உன்னால தாங்க முடியாதுன்னு அதெல்லாம் தொடச்சு எடுத்துட்டேன்.”

அந்த மூச்சு இருந்திருந்தால் பெட்டி தூங்கியிருக்காது.

துடைக்காததை அனுப்பச் சொன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஒரு சொல்கூட விடுபடவில்லை. எல்லாப் பாட்டும் முழுசாக வந்தது. நடுநடுவே அந்த மூச்சு: இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. மகன் சொன்னது சரி. தாங்கத்தான் முடியவில்லை.

கதவு திறந்தது. அவர் வந்து ஸ்பீக்கர் அருகில் நின்றார். கடைசி வரை கேட்டார். என் பிரார்த்தனை பலித்தது என்றே நினைத்தேன். பிறகு எழுதினார்: “இவன் போயிட்டான். இனிமே போடாத.”

இதுக்குத்தானா? இதுக்குத்தானா இவ்வளவு பாடுபட்டேன்?

மார்ச் 18, புதன்

பெட்டியைக் கழற்றி, வந்த அட்டைக்குள்ளேயே வைத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

விளக்கு ஏற்றினேன். பாட்டு இல்லை. நினைத்துப் பார்க்கிறேன், அவருக்கு அவருடைய குரலையே திருப்பிக் கொடுக்கப் பார்த்தேனே, இறந்தவர் படத்தை அவரிடமே காட்டுவது போல அல்லவா அது? நான் யாருக்காக அதைப் போட்டேன்?

மார்ச் 24, செவ்வாய்

நானே பாடத் தொடங்கினேன். முதல் இரண்டு பாட்டு எப்படியோ வந்துவிட்டது. மூன்றாவதற்குத் தொடக்கம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தெரிந்த பாட்டுதான், ஆனால் எடுப்பு எப்போதும் அவருடையது. கை கூப்பியபடி நின்றேன்.

பின்னால் காற்று போகும் சத்தம். திரும்பினேன். சாமி அறை வாசற்படியில் நிற்கிறார், உதடு அசைகிறது. குரல் கிடையாது, கழுத்துத் துளை வழியாகக் காற்று மட்டும் போகிறது. எனக்குப் பிடிபடவில்லை. எரிச்சலாக மறுபடி வாயசைத்தார். அந்த முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டேன், பாடினேன்.

நாலாவதற்கும் திரும்ப வேண்டியிருந்தது. ஐந்தாவதற்குப் பிறகு நான் விளக்குப் பக்கம் திரும்பவே இல்லை. விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் வாயைப் பார்த்தே பாடி முடித்தேன்.