ஐந்து பேருக்கு ஒரு குழாய்

கல்லல்
6.7.2020

அன்புத் தங்கை ராஜப்ரியாவுக்கு அண்ணன் சிவசங்கரன் எழுதுவது. போனில் பேசினால் தெருக்காரர்கள் காதில் விழும். அதனால் நீ வேலை பார்க்கும் லேபுக்குச் சளி மாதிரி எடுத்துப்போகும் வண்டிக்கார மருதுவிடம் இதைக் கொடுக்கிறேன்.

மதுரையில் மர வேலை பார்த்துத் திரும்பிய எங்கள் நாலு பேருக்கும், அப்பாவுக்கும், தெருக்காரர்களுக்கும் இன்று கொரோனா பரிசோதனைக்கு மூக்கில் மாதிரி எடுத்தார்கள். பரிசோதனைக் கிட் பஞ்சத்தில் ஐந்து பேருடையதை ஒரே குழாயில் கலந்து பார்க்கிறீர்களாமே? அப்பாவைத் தெருக்காரர்களோடு போடாதே, எங்களோடு போடு. "எம்புள்ள கூடன்னா எனக்கு என்னடா பயம்" என்கிறார். இளைப்புக்காரர், தைரியமாக இருக்கட்டும்.

உன் அண்ணன்

காரைக்குடி
8.7.2020

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடியே போட்டேன். உங்கள் குழாயில் நோய் இருக்கிறது. அது யாருடையது என்று தனித்தனியாகப் பார்க்கக் கிட் இல்லை. வரும்வரை ஐந்து பேரையும் முகாமில் வைப்பார்களாம். தெருக்காரர்கள் குழாயில் ஒன்றுமில்லை.

அப்பாவைத் தனியாகப் படுக்க வையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ராஜப்ரியா

முகாம்
12.7.2020

தங்கச்சி,

பள்ளிக்கூடத்து ஒரே வகுப்பறையில்தான் ஐந்து பேரும் கிடக்கிறோம். தனி இடம் கேட்டதற்கு, "எங்குட்டு போவீக? ஒரே குழாய்தான, ஒண்ணா இருங்க" என்றார்கள். மதுரையில் கூட வேலை பார்த்த ஸ்ரீதர் விடாமல் இருமுகிறான். நேற்றிலிருந்து அப்பாவுக்குக் காய்ச்சல். எங்களில் யாருக்கு என்று சீக்கிரம் சொல்லு தாயி.

சிவசங்கரன்

காரைக்குடி
16.7.2020

அண்ணே,

அப்பாவைச் சிவகங்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதாக மருது சொன்னார். என்னை இங்கிருந்து விடமாட்டேன் என்கிறார்கள். கிட் நேற்றுத்தான் வந்தது. முதல் நாள் எடுத்து வைத்திருந்த மாதிரிகளை நானே தனித்தனியாகப் பார்த்தேன். ஸ்ரீதருக்கு மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அப்பாவுக்கு இல்லை அண்ணே.

தெருக்காரர்களோடு போட்டிருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பார். என்னால் இதை மறைக்க முடியவில்லை. எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ராஜப்ரியா

சிவகங்கை
18.7.2020

ராஜப்ரியாவுக்கு,

நேற்றுக் காலையில் அப்பா போய்விட்டார். முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை. அவர்களே கொண்டுபோய் எரித்துவிட்டார்கள்.

முகாமிலிருந்து என்னையும் சேர்த்து ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "ரிசல்ட்டு வந்துருச்சாடா?" என்று கேட்டார். "வந்துருச்சுப்பா, உங்களுக்கு ஒண்ணுமில்லையாம்" என்று பொய் சொன்னேன். "அப்ப வீட்டுக்குப் போவோம்" என்றார். மறுநாள் உன் கடிதம் வந்தது.

உன் மேல் கோபம் இல்லை. நான் கேட்டேன், நீ செய்தாய். ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்தாலே நான் கேட்டதுதான் கண்முன் வந்து நிற்கிறது. இனி எனக்கு எழுதாதே தங்கச்சி. காரியத்துக்கும் வர வேண்டாம்.

சிவசங்கரன்