முறுக்கிவிட்ட பிரேக் ஒயர்

அன்புள்ள லாவண்யா,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? மாமாவுக்கு வணக்கம் சொல்.

குடகில் காப்பித் தோட்ட மலைப்பாதைகளில் சைக்கிள் சுற்றுலாக்காரர்களோடு போய்ப் பழுது பார்ப்பதுதான் வேலை. நேற்று ஒரு சைக்கிளில் பிரேக் ஒயர் பிரிந்திருந்தது. தறியில் அறுந்த இழையை இணைக்கிற பழக்கத்தில் முறுக்கிவிட்டு, நானே ஓட்டிப் பார்த்தேன். இறக்கத்தில் பிய்த்துக்கொண்டது. எதிரே பஸ். காப்பிச் செடிகளுக்குள் திருப்பி விழுந்தேன். வெறும் சிராய்ப்புதான். போன்தான் நொறுங்கியது. உன் நம்பரும் அதோடு போயிற்று. மனப்பாடம் இல்லை, திட்டாதே.

"இன்னாண்ணா, பட்டு நூலுன்னு நெனச்சிகினியா?" என்று சிரித்தார் அரிசி இறக்க வந்த, நம் ஊர்ப்பக்கத்துக் களம்பூர் லாரி டிரைவர் சுதாகர். கடிதம் அவர் கையில்தான் வருகிறது. முழுக்கைச் சட்டை இரண்டும், உன் நம்பரும் அவரிடமே கொடுத்தனுப்பு.

லாரி கிளம்புகிறது. பாப்பாவின் சைக்கிளுக்கும் அப்படித்தான் முறுக்கிவிட்டு வந்தேன். அவளை அதில் ஏறவிடாதே.

லோகநாதன்