வாட்ச் பச்சைதான் காட்டுச்சு

அத்தை,

அன்னைக்குக் காலைல பதினொன்னு இருபத்திமூணுக்கு உங்க பொண்ணோட ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. மாரடைப்புன்னு டாக்டர் சொன்னதை நீங்க இன்னும் ஏத்துக்கலை. தலைமாட்டுல போன் வச்சுத்தான் தூங்குவா, அந்தக் கதிர்வீச்சுதான் கொன்னுருச்சுன்னு துக்கம் கேக்க வர்றவங்ககிட்டல்லாம் சொல்றீங்க.

போன வருஷம் நீங்க போன்ல ஒட்டச் சொல்லி ஒரு கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர் கொடுத்தீங்களே, அதை நான் வேலை பாக்குற லேப்ல அளந்து பார்த்தேன். ஒட்டினாலும் ஒட்டாட்டியும் ஒரே அளவு. "பூப்படம் ஒட்டியிருந்தா அழகாவாவது இருந்திருக்கும் அத்தை"ன்னு கிண்டல் பண்ணேன். "இவரு அளக்காம எதையும் நம்பமாட்டாரும்மா"ன்னு அவளும் சிரிச்சா.

அளக்காம ஒண்ணை நம்பிட்டேன். அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்த வாட்ச். இதயத்துக்கு இருபத்திநாலு மணி நேரக் காவல்னு விளம்பரம். அன்னைக்குக் காலைல "நெஞ்சு ஒரு மாதிரி இறுக்குதுங்க, டாக்டர்கிட்ட போவோமா?"ன்னு கேட்டா. அவ கையைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை. "நார்மல்தான், கேஸா இருக்கும், கிளம்பு"ன்னேன்.

மாரடைப்பை அதால கண்டுபிடிக்க முடியாதுன்னு டப்பாவுக்கு அடியில பொடி எழுத்துல போட்டிருக்கான். நேத்துதான் படிச்சேன்.

நீங்க போனைத் திட்டினப்பல்லாம், அது தப்புன்னு தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கலை. எனக்கு அது வசதியா இருந்துச்சு அத்தை.

வாட்ச் மேஜைமேல கிடக்கு. அதை என் போனோட இணைச்சு வச்சதும் நான்தான். "இன்னைக்கு ஒரு அடிகூட நடக்கலையே, எழுந்திருங்க"ன்னு மணிக்கொரு தடவை அவளுக்கு வர்ற சேதி எனக்கும் வருது.

என்னைத் திட்டணும்னா நேர்ல வாங்க. போனை அணைச்சுட்டேன்.

உங்க மருமகன்